பெட்டியை மாற்றும் முன் தொட்டிக்குள் பாருங்கள்: மேல்தொட்டி மோட்டார் முதல் மேட்டூர் டர்பைன் வரை

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சொந்த வீடு. ஒன்றரை வருஷத்துக்கு முன் மேல்தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் வாட்டர் கன்ட்ரோலர் போட்டோம். ராடு வைத்த மாடல். இப்போது சில நாள் தொட்டி நிறைந்து வழிகிறது, மோட்டார் நிற்பதில்லை. சில நாள் தொட்டி காலியாகக் கிடக்கிறது, மோட்டார் ஓடுவதில்லை. எலக்ட்ரீஷியன் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? ஃப்ரிட்ஜ், ஏசி, பைக், மேட்டூர் கரண்ட் உற்பத்தி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்தான் கன்ட்ரோல் செய்கிறது என்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றனவா? ஏற்காட்டில் இருக்கும் வீட்டுக்கும் இதே பெட்டியைப் போடலாமா?

பதில்:

பெட்டியை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் தொட்டிக்குள் இருக்கும் ராடுகளில் உப்புப் படிந்தால் வருபவை. அதை ஐந்து நிமிஷத்தில் உறுதி செய்துகொள்ளலாம், வழியைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வி. அது புரிந்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

தோசை ஊற்றுகிறவர் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறார். சொட்டு முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, அடுப்பைக் குறைக்கிறார். சத்தமில்லாமல் மெதுவாக வற்றினால் இன்னும் காயவில்லை, கூட்டுகிறார். பிறகு மறுபடியும் தெளித்துப் பார்க்கிறார். இப்போது இருக்கும் நிலையை அளப்பது, வேண்டிய நிலையோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்பக் கை வைப்பது, திரும்பவும் அளப்பது. இந்தச் சுற்றுக்குப் பெயர்தான் பின்னூட்டம். உங்கள் வாட்டர் கன்ட்ரோலரும் பைக் என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வும் அனல்மின் நிலையத்தின் டர்பைன் கன்ட்ரோலும் இதைத்தான் செய்கின்றன. வேகமும் நுட்பமும் வேறு, சுற்று ஒன்றுதான். தொட்டியை நொடிக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். என்ஜினை நொடிக்கு நூற்றுக்கணக்கான தரம் பார்க்க வேண்டும்.

தானாக ஓடுவதெல்லாம் இந்த வகை என்றும் நினைத்துவிட வேண்டாம். நேரம் எண்ணும் சாதாரணப் போக்குவரத்து சிக்னலில் 60 நொடி பச்சை என்று வைத்திருந்தால், அந்தப் பக்கம் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் 60 நொடி பச்சைதான் எரியும். அது எதையும் அளப்பதில்லை, கடிகாரத்தை மட்டும் பார்க்கிறது. மோட்டாருக்கு டைமர் மட்டும் போட்டு அரை மணி நேரம் ஓட விடுவதும் அதே கணக்குதான்: பாதித் தண்ணீர் இருக்கும் நாளில் தொட்டி வழியும், போர்வெல்லில் தண்ணீர் குறைந்த நாளில் நிறையாது.

பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் நகத்தளவு சிப். மைக்ரோகன்ட்ரோலர் என்பார்கள். அதில் எழுதியிருக்கும் வேலை ஒரு பக்கத்துக்கு மேல் வராது: சென்சாரைப் படி, ஒப்பிடு, ரிலேயைப் (மின்காந்தத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) போடு அல்லது எடு, மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் சிக்கி நின்றுபோனால் எழுப்பிவிட வாட்ச்டாக் என்று ஓர் உள் கடிகாரமும் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்குள் நிரல் அதற்குக் குரல் கொடுக்காவிட்டால் அது சிப்பை ரீசெட் செய்துவிடும். அந்த சிப் பெட்டிக்குள் உலர்ந்த இடத்தில் 5 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சென்சாரோ உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடக்கிறது. ரிலேயின் முனைகள் ஒவ்வொரு முறையும் தீப்பொறி வாங்குகின்றன. எது முதலில் கெடும் என்று நீங்களே சொல்லிவிடலாம். கன்ட்ரோல் சிஸ்டம் என்றால் மூளையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பழுது வருவது பெரும்பாலும் கண்ணிலும் கையிலும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல ஆயிரம் ரூபாய் வீணாகாது.

இனி உங்கள் தொட்டி. உள்ளே மூன்று ஸ்டீல் ராடு இருக்கும். அடிவரை போகும் நீளமானது பொது ராடு, நடுவில் நிற்பது கீழ்மட்ட ராடு, குட்டையானது மேல்மட்ட ராடு. தண்ணீர் தொட்டதும் பொது ராடுக்கும் மற்றதுக்கும் நடுவே சிறு மின்னோட்டம் பாயும். பாய்ந்தால் தண்ணீர் இருக்கிறது, பாயாவிட்டால் இல்லை. பெட்டிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சேலம் வெள்ளைக்கல், அதாவது மெக்னீசியம் உள்ள மேக்னசைட் வெட்டும் ஊர். பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினநீர், கால்சியமும் மெக்னீசியமும் தாராளம். அவை ராடில் வெள்ளையாகப் படிகின்றன. படிவு மேல்மட்ட ராடின் நுனியை மூடிவிட்டால், தண்ணீர் தொட்டாலும் மின்னோட்டம் பாயாது. பெட்டி இன்னும் நிறையவில்லை என்று நினைக்கும், தொட்டி வழியும். அதே படிவு ராடுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடியில் ஒரு ராடிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் மாதிரி வளர்ந்து ஈரமாக இருந்தால், தண்ணீர் இல்லாமலேயே மின்னோட்டம் பாயும். பெட்டி தொட்டி நிறைந்திருக்கிறது என்று நினைக்கும், மோட்டார் ஓடாது. ஈரம் காய்ந்த நாளில் மட்டும் சரியாக வேலை செய்யும். ‘சில நாள் இப்படி, சில நாள் அப்படி’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது.

சோதிக்கும் முறை இது. மெயினை அணையுங்கள். சென்சார் கம்பியில் இருப்பது சிறு வோல்ட்டேஜ்தான் என்றாலும், அதே பெட்டிக்குள் 230 வோல்ட்டும் இருக்கிறது. பெட்டியிலிருந்து சென்சார் கம்பிகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெயினைப் போடுங்கள். கம்பி எதுவும் இல்லாததால் பெட்டி ‘தொட்டி காலி’ என்று காட்டி மோட்டாரைப் போட வேண்டும். கீழ்த்தொட்டிக்கும் சென்சார் இருந்தால் அதை மட்டும் கழற்றாமல் விடுங்கள், இல்லாவிட்டால் கீழே தண்ணீர் இல்லை என்று மோட்டாரைத் தடுத்துவிடும். மறுபடி மெயினை அணைத்து, பொது, கீழ்மட்டம், மேல்மட்டம் மூன்று முனைகளையும் சின்னக் கம்பித் துண்டால் ஒன்றாக இணைத்து மெயினைப் போடுங்கள். ‘தொட்டி நிறைந்தது’ என்று காட்டி மோட்டார் நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. கோளாறு கம்பியில் அல்லது ராடில். விளக்கு ‘நிறைந்தது’ என்று காட்டி, ரிலே டக்கென்று சத்தமும் கொடுத்து, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே முனை ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த ஒட்டிக்கொள்ளும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு வீடாக நடப்பது இது. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும். ஆனால் தொடங்கும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரிலேயில் 30 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது ஹீட்டர் மாதிரியான சுமைக்கான கணக்கு, மோட்டாருக்கானது கிடையாது. பெட்டியின் ரிலே, பெரிய கரண்டைத் தாங்கும் கனமான சுவிட்சான கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கான்டாக்டர் சுமக்கட்டும். மோட்டாருக்கான ஏ.சி.3 ரேட்டிங்கில் 12 ஆம்பியருக்குக் குறையாத கான்டாக்டர் ஒரு குதிரைத்திறனுக்குப் போதும்.

ராடைத் துடைக்க வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறில் அரை மணி நேரம் ஊற வைத்து, பிறகு பிரஷ்ஷால் தேயுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் வேண்டாம். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே ஊசித் துளைகள் போட்டுவிடும். பிளாஸ்டிக் பிடியையும் மறக்காமல் சுத்தம் செய்யுங்கள், பலரும் ராடை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். துடைக்கும்போது பாருங்கள்: ஒரு ராடு அரித்து மெலிந்து, இன்னொன்று தடித்து இருந்தால் பெட்டி ஒரே திசையில் டி.சி. கரண்ட் அனுப்புகிறது. மின்பூச்சுப் பட்டறையில் நடப்பதே உங்கள் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. நல்ல பெட்டிகள் திசை மாற்றி மாற்றி, அதுவும் விட்டுவிட்டுத்தான் அனுப்பும். அப்படி இல்லாத பெட்டி என்றால் மட்டும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

மேல்மட்ட, கீழ்மட்ட ராடுகளின் நுனிகளுக்கு நடுவே எவ்வளவு உயர இடைவெளி விடுவது? இதில்தான் கன்ட்ரோல் சிஸ்டத்தின் முக்கியமான பாடம் இருக்கிறது. 1000 லிட்டர் வட்டத் தொட்டி ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலம். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் சுமார் 9 லிட்டர். நிற்கும் மட்டத்துக்கும் தொடங்கும் மட்டத்துக்கும் ஒரே சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். யாராவது ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்தால் மோட்டார் ஓடும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஏற்றும் மோட்டார் 14 நொடியில் அதை நிரப்பி நிற்கும். அடுத்த பக்கெட்டுக்கு மறுபடியும். தொடங்கும்போது இழுக்கும் அந்த ஐந்தாறு மடங்கு கரண்ட் ஒவ்வொரு முறையும் வைண்டிங்கைச் சூடாக்கும், ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் வீங்கும். இடைவெளியை 60 சென்டிமீட்டர் ஆக்கினால் 540 லிட்டர் காலியான பிறகுதான் மோட்டார் ஓடும், ஓடினால் 13, 14 நிமிஷம் ஒரே மூச்சாக ஓடும். வேண்டுமென்றே விடும் இந்த இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். ஃப்ரிட்ஜிலும் அயர்ன்பாக்ஸிலும் கீசரிலும் இதே இடைவெளி இருக்கிறது.

இன்னும் இரண்டு காவல் வேண்டும். ஒன்று, உச்ச ஓட்ட நேரம். உங்கள் தொட்டி நிறைய 20 நிமிஷம் ஆகும் என்றால், 35 நிமிஷத்துக்கு மேல் ஓடினால் என்ன ஆனாலும் நிறுத்து என்று பெட்டியில் வையுங்கள். சென்சார் பொய் சொல்லும் நாளில் இது காப்பாற்றும். இரண்டு, வறட்டு ஓட்டப் பாதுகாப்பு. போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறையும், கரண்டும் குறையும். அந்தக் குறைவைப் பார்த்துப் பெட்டி நிறுத்திவிடும். இந்த வரம்பை மோட்டார் தண்ணீர் ஏற்றி ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் அளந்து, அதற்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். கடையில் வைத்த அளவோடு அப்படியே விட்டால் காரணமில்லாமல் நிற்கலாம். நின்ற பிறகு போர் ஊற நேரம் கொடுங்கள். அரை மணியா இரண்டு மணியா என்பது உங்கள் போரைப் பொறுத்தது.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மொபைலால் இயங்கும் த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் வந்ததும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் வோல்ட்டேஜ் படுத்துவிடும், பாதி ஸ்டார்ட்டர் டிரிப் ஆகும். ‘ஆன் டிலே’ என்ற அமைப்பை ஒருவர் 1 நிமிஷம், அடுத்தவர் 3 நிமிஷம், அதற்கடுத்தவர் 5 நிமிஷம் என்று பேசி வைத்துக்கொண்டால் சண்டையே வராது.

வீட்டுக்குள் இருக்கும் மற்றவை பற்றிச் சுருக்கமாக. ஃப்ரிட்ஜ், ஏசி கம்ப்ரசர் நின்றால் மறுபடி தொடங்கச் சுமார் 3 நிமிஷம் காத்திருக்க வேண்டும், உள்ளே இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் ஆகும். கரண்ட் போய் வந்ததும் ஏசி உடனே குளிராததற்குக் காரணம் இதுதான், கோளாறு இல்லை. ஏசியின் அறை வெப்ப சென்சார் பெரும்பாலும் சுவரில் மேலே, காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் இருக்கிறது. அது உங்கள் கட்டில் மேல் உள்ள சூட்டை அளப்பதில்லை, கூரையோரச் சூட்டை அளக்கிறது. ஃபேனைச் சுழல விட்டால் இரண்டும் நெருங்கிவிடும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வருகின்றன, அது மாற்றக்கூடிய ஆரம்ப அளவுதான். வாஷிங் மெஷின் தண்ணீர் மட்டத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. டிரம்மின் அடியிலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிறது. அந்தக் குழாயில் நூல் பிசிறு அடைத்தாலோ, குழாய் கழன்றாலோ தண்ணீர் நிற்காமல் ஏறும். மாறாக ‘தண்ணீர் வரவில்லை’ என்று எரர் காட்டினால் போர்டைக் குறை சொல்லும் முன் இன்லெட் வலையில் உப்புக்கல் இருக்கிறதா பாருங்கள், பிறகு உயரத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும், அதாவது மூன்று மீட்டர். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல்மாடியில் மெஷின் வைத்தால் அது கிடைக்காது.

இதுவரை சொன்னவை போடு, எடு என்ற இரண்டே செயலால் சமாளிக்கக்கூடியவை. வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் மின் உலைக்கு அது போதாது. வெள்ளி உருகுவது 961 டிகிரி. போட்டு எடுத்து ஓட்டினால் உலை இருபது முப்பது டிகிரி மேலும் கீழும் ஊசலாடும், அணைத்த பிறகும் சுவரில் தேங்கிய சூடு ஏற்றிக்கொண்டே இருக்கும். அங்கே பி.ஐ.டி. கன்ட்ரோலர் வருகிறது. அது மூன்று கேள்வி கேட்கிறது. இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம்? தூரம் குறையக் குறைய மின்சாரத்தைக் குறைக்கிறது. எவ்வளவு நேரமாகக் குறையாகவே இருக்கிறோம்? நிலையாக ஐந்து டிகிரி குறைந்து நின்றுவிட்டால், அந்தக் குறையைச் சேர்த்துச் சேர்த்துக் கொஞ்சம் கூட்டித் தருகிறது. எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம்? வேகம் அதிகமென்றால் முன்கூட்டியே பிடித்து நிறுத்துகிறது.

இதை அமைக்கப் பெரும்பாலான பெட்டிகளில் ஆட்டோ டியூன் உண்டு, உலையை ஓட்டிப் பார்த்துப் பெட்டியே எண்களை அமைத்துக்கொள்ளும் வசதி அது. அதை மூசையும் (உருக்கும் கிண்ணம்) உலோகமும் உள்ளே இருக்க, வேலை செய்யும் வெப்பத்துக்கு அருகில் ஓட்ட வேண்டும். காலி உலையில், 200 டிகிரியில் ஓட்டிவிட்டால் கிடைக்கும் எண்கள் 950 டிகிரிக்குப் பொருந்தாது. உலைக் கதவைத் திறந்து வைத்தபடி கன்ட்ரோலரை நெடுநேரம் ஓட விடுவதும் தவறு. குறையைக் கூட்டும் பகுதி அவ்வளவு நேரமும் சேர்த்துக்கொண்டே போய், கதவை மூடியதும் இலக்கைத் தாண்டி எகிறிவிடும்.

உலையிலும் பழுது வருவது சென்சாரில்தான். சூட்டைச் சிறு வோல்ட்டேஜாக மாற்றும் சென்சாருக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். அதில் கே வகை ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும், 1000 டிகிரிக்கு மொத்தமே 41 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய அளவில் மூன்று தவறுகள் வழக்கம். முதல் தவறு, சிவப்புக் கம்பி பாசிட்டிவ் என்ற பழக்கத்தில் மாற்றிக் கொடுப்பது. சந்தையில் கிடைக்கும் அமெரிக்க நிற முறைக் கம்பியில் மஞ்சள்தான் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் உலை சூடாகச் சூடாக எண் இறங்கும், கன்ட்ரோலர் இன்னும் ஏற்றும். இரண்டாவது, தெர்மோகப்பிள் தலையிலிருந்து பெட்டிவரை அதற்குரிய காம்பன்சேட்டிங் கேபிள் போடாமல் சாதாரணச் செம்புக் கம்பி இழுப்பது. தலைப்பகுதி 70 டிகிரி, பெட்டி இருக்கும் இடம் 35 டிகிரி என்றால், எண் 35 டிகிரி குறைவாகக் காட்டும், உலை அவ்வளவு கூடுதலாக எரியும். மூன்றாவது, தெர்மோகப்பிள் அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பைப் பார்க்காமல் விடுவது. அறுந்தால் உச்ச வெப்பம் என்று எடுத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்கும்படிதான் அது இருக்க வேண்டும்.

அதோடு, ஹீட்டரை இயக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே கெடும். கன்ட்ரோலர் எவ்வளவு சொன்னாலும் அணையாது. அதனால் தனித் தெர்மோகப்பிள், தனி வெப்ப வரம்புப் பெட்டி, ஹீட்டர் லைனில் வரிசையாக ஒரு கான்டாக்டர், இம்மூன்றும் இல்லாத உலையை இரவில் ஆளில்லாமல் விடக்கூடாது. கன்ட்ரோலரே தன்னைக் காவல் காக்கும் என்று நம்பக் கூடாது.

கெட்டால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதற்குப் பால் பதப்படுத்தும் ஆலை நல்ல எடுத்துக்காட்டு. பாலை 72 டிகிரியில் 15 நொடி வைத்து, பிறகு 4 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். 15 நொடி என்பது குறிப்பிட்ட நீளக் குழாயில் பால் ஓடும் நேரம். அந்தக் குழாயின் முடிவில் வெப்ப சென்சாரும் ஒரு திருப்பு வால்வும் இருக்கின்றன. வெப்பம் குறைந்தால் வால்வு பாலைத் திரும்பத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அந்த வால்வை முன்னோக்கிப் பிடித்திருப்பதுதான் காற்றழுத்தம். கரண்டோ காற்றோ போய்விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தானே அதைத் திருப்பும் பக்கம் தள்ளிவிடும். எதுவும் வேலை செய்யாத நிலையிலும் காய்ச்சாத பால் பாக்கெட்டுக்குப் போகாது.

ஏற்காட்டுக்கு வருவோம். மலையேறும் பைக்கே ஒரு நல்ல பாடம். சேலம் டவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கலிலிருந்து 85 வரை இறங்குகிறது. கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. கீழே வைத்த ஜெட் அதே அளவு பெட்ரோலை ஊற்றும், காற்று மட்டும் குறைந்திருக்கும். இழுவை மந்தமாகும், புகை கறுக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் ஏறக்குறைய எல்லாப் புது வண்டியும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அதில் உள்ள அழுத்த சென்சார் காற்று மெலிவதைப் பார்த்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் எரிந்த பிறகு மிச்சம் என்ன என்று பார்த்து மேலும் திருத்துகிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது இலக்கு. 20 சதவீத எத்தனால் கலந்தால் அது ஏறக்குறைய 13.5 ஆகும், அந்த வித்தியாசத்தையும் ஆக்சிஜன் சென்சார்தான் ஈ.சி.யூ.வுக்குச் சொல்கிறது. ஆனால் காற்று குறைந்தால் சக்தி குறைவதை எந்தக் கம்ப்யூட்டராலும் ஈடுகட்ட முடியாது. மேலே வண்டி கொஞ்சம் சோர்வாக இருப்பது இயல்பு.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்து, மிச்சமும் இல்லை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால் ஈ.சி.யூ. இன்ஜெக்டரை மொத்தமாக நிறுத்திவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் என்ஜின் ஐடிலில் ஓட பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். என்ஜின் பிடிப்பும் போய், முழுப் பாரமும் பிரேக் ஷூவின் தலையில் விழுந்து, பாதி வழியில் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அங்குள்ள வீட்டுக்கு ராடு மாடல் வேண்டாம், தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்ச் போடுங்கள். மலையில் பலர் மழைநீரையும் ஊற்றுநீரையும் பிடித்து வைக்கிறார்கள். உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் மின்னோட்டம் சரியாகப் பாயாது, ராடு மூழ்கியிருந்தாலும் பெட்டி காலி என்றே சொல்லும். கேபிள் மிதவையில் எடைக்கட்டிக்கும் மிதவைக்கும் நடுவே விடும் கேபிள் நீளம்தான் ஹிஸ்டெரிசிஸ். நீளம் கூடினால் இடைவெளி கூடும். மிதவை குழாயிலோ தொட்டிச் சுவரிலோ மாட்டாமல் முழு வட்டமும் ஆட இடம் விடுங்கள். கோடை இடி அங்கே பலமாக இருக்கும், நீளமான சென்சார் கம்பி அந்த அதிர்வை அப்படியே பெட்டிக்குள் கொண்டுவரும். மின்னலில் சிப் போவதற்கு இதுவே வழி. சென்சார் கம்பியை மோட்டார் கம்பியோடு ஒரே பைப்பில் போடாமல் குறைந்தது ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். பெட்டிக்கு முன், திடீரென்று எகிறும் வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் புரொடக்டர் வையுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைப்பது கடினம், எர்த் இல்லாத சர்ஜ் புரொடக்டர் பாதி வேலைதான் செய்யும். ஆகவே எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை மாடல் வாங்கினால், நெட் இல்லாதபோதும் மட்டத்தைப் பார்த்துத் தானே நிறுத்துமா என்று கேட்டு வாங்குங்கள். முடிவெடுப்பது வீட்டில் இருக்க வேண்டும், போனுக்குச் செய்தி மட்டும் வந்தால் போதும்.

மேட்டூரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் நான்கும், 600 மெகாவாட் யூனிட் ஒன்றும் உண்டு. அங்கே தொட்டி மட்டத்துக்குப் பதில் அளக்கப்படுவது சுழற்சி, அதாவது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஊரெல்லாம் மோட்டார் போட்டால் டர்பைனுக்குப் பாரம் கூடி வேகம் மிகச் சிறிதாக இறங்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான கவர்னர் அதைக் கண்டு நீராவி வால்வைத் திறக்கும். சுழலும் குண்டுகளை வைத்து ஜேம்ஸ் வாட் 1788ல் நீராவி என்ஜினுக்குப் போட்டதும் இதே கவர்னர்தான், இன்று குண்டுகளின் இடத்தில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. 2013 டிசம்பர் 31ல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்தது. அதனால் உங்கள் வீட்டுச் சுவிட்சில் இருக்கும் அதிர்வெண்ணும் டெல்லியில் இருப்பதும் இப்போது ஒன்றே. 49.90க்கும் 50.05க்கும் நடுவே அதை வைத்திருப்பது இலக்கு. ஓர் ஆலையின் கவர்னர் மட்டும் அதைச் செய்வதில்லை, நாடெங்கும் உள்ளவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

உங்கள் வேலை இந்த வரிசையில் போகட்டும்: முதலில் கம்பியைக் கழற்றிச் சோதனை, பிறகு ராடும் பிடியும் சுத்தம், பிறகு ஜாயிண்டுகள். தொட்டி அருகே டேப் சுற்றிய ஜாயிண்ட் இருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுத் தண்ணீர் புகாத கனெக்டர் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் தொட்டியைப் பாதிக்கு மேல் காலி செய்து, மோட்டார் எப்போது தொடங்குகிறது, எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்று ஒரு முழுச் சுற்று பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த நிமிஷத்தையும் ராடைத் துடைத்த தேதியையும் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். நான்கு மாதத்துக்குள் மறுபடி வழிந்தால் அந்தத் தண்ணீருக்கு ராடு ஒத்துவராது, அம்மாப்பேட்டை வீட்டுக்கும் மிதவையே போட்டுவிடுங்கள்.